ஆறு கின்னரர்கள் இருந்த சுவர்

மூட்டுவலித் தைல வாசனையோடு இதைப் படிக்கும் என் வயதுக்காரர்களே, முதலில் ஒரு வாக்குமூலம். கலியாண வீடுகளில் பந்திக்கு இடம் கிடைக்காமல் நிற்கும்போது, பக்கத்தில் இருப்பவரைப் பிடித்து, “பந்தி என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா?” என்று தொடங்கும் அந்த ஆள் நான்தான். என்னைக் கண்டதும் நீங்கள் செல்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்வது எனக்குத் தெரியும். அடிக்காத செல்பேசியில் அவ்வளவு நேரம் பேச முடிகிற உங்கள் திறமையை நான் மதிக்கிறேன். வீட்டில் நான் ஒரு சொல்லின் வேரைத் தோண்டத் தொடங்கினால் என் மனைவி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விடுவாள். அவள் தோண்டினால் கிழங்காவது வரும்.

இந்த வியாதி எனக்குப் பிடித்தது பதினொரு வயதில், ஒரு பங்குனி மாதம், தோட்டத்துக் கோயில் சுவரின் முன்னால். அந்த வியாதியால் ஒரு மனிதரின் வாழ்க்கை வீணாய்ப் போனது. என்னுடையது அல்ல. என்னுடையது பென்ஷனோடு சௌகரியமாகவே இருக்கிறது.

எங்கள் தோட்டம் ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பாதையில், பஸ் மூச்சு வாங்கி நின்று கிளம்பும் ஒரு வளைவுக்கு மேலே. வரிசையாய்க் கட்டிய லயத்தில் ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான என் சித்தப்பா. சித்தப்பா தொழிற்சாலையில் தேயிலைப் பெட்டிகளுக்கு மார்க் போடுகிறவர். எழுத்து வெட்டிய தகரத் தகட்டைப் பெட்டியின்மேல் வைத்து, கறுப்பு மையைத் தேய்த்துத் தோட்டத்தின் பெயர், தேயிலையின் தரம், பெட்டியின் எண் எல்லாவற்றையும் ஏற்றிவிடுவார். அந்தத் தகடுகளை நான் வெயிலில் பிடித்து விளையாடுவேன். தரையில் எழுத்து எழுத்தாய் வெளிச்சம் விழும். அந்தத் தகடுகள் இப்போது எங்கேயும் இல்லை. தேயிலை காகிதப் பைக்குப் போனபோது பழைய இரும்புக்காரன் கிலோக் கணக்கில் எடுத்துக்கொண்டு போனான் என்று கேள்வி.

ஆனால் மார்க் போடுவது சித்தப்பாவின் சொந்த வேலை அல்ல. அந்த வேலைக்காரர் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் திரும்பியதும் சித்தப்பா பழையபடி கவாத்து மலைக்குப் போக வேண்டும். கவாத்து என்பது வயதான தேயிலைச் செடியை வளைகத்தியால் இடுப்புக்குக் கீழே வெட்டிக் குறைப்பது. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான செடி. அதைச் செய்து செய்து சித்தப்பாவின் வலது மணிக்கட்டு ஒரு பக்கமாய் வீங்கியிருந்தது. “இந்தக் கை இன்னும் ரெண்டு வருசம் கத்தி பிடிச்சா அப்பறம் சோறு பிசையத்தான் ஆகும்” என்பார். அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்கு என் கோமாளித்தனம் அவரிடமிருந்து வந்திருக்க வேண்டும். அவருடைய கை மட்டும் வரவில்லை.

அவருக்கு ஒரு வழி இருந்தது. திருவிழாவுக்காகக் கோயிலுக்குப் புது மண்டபம் கட்டியிருந்தார்கள். ஹட்டனிலிருந்து பெயிண்டர் ஐயா ஒருவர், மலைநாட்டுக் கோபுரங்களுக்கெல்லாம் வர்ணம் தீட்டுகிற பெரிய கை, திருவிழா அன்று காலையில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் மண்டபத்துச் சுவரில் தோட்டத்து ஆளே படம் எழுதி வைக்கட்டும், நன்றாயிருந்தால் அந்த ஆளைத் தன் கூட்டத்தில் சேர்த்துக்கொள்கிறேன் என்பது அவர் சொன்ன வார்த்தை. எங்கள் தோட்டத்தில் தூரிகை பிடித்த கை ஒன்றுதான்.

கோயில் தலைவர் பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்தார். தலைவர் என்றால் தலையில் உருமால் கட்டிய, எதற்கும் முன்வரிசையில் நிற்கிற மனிதர். கோயில் அவருடைய சொந்தச் செலவில் கட்டியது போலத்தான் நடப்பார்.

“இந்தா லிஸ்ட்டு. மண்டபம்னா இதெல்லாம் இருக்கணுமாம். பெயிண்டர் ஐயா சொல்லிவிட்டாரு. நீ பாட்டுக்குக் கோழி, பூனைன்னு வரைஞ்சு என் மானத்த வாங்கிறாத.”

சித்தப்பா தாளைப் பார்த்தார். யாளி, மகரம், கண்டபேரண்டம், கின்னரர்.

“இதெல்லாம் எப்பிடி இருக்கும் தலைவரே?”

“எனக்கென்னப்பா தெரியும். நானென்ன கூடவா வளந்தேன்? கடைசியில இருக்குறது மட்டும் மேல மனுசன், கீழ பறவையாம். மத்ததெல்லாம் ரெண்டு மூணு உருப்படி சேந்த மிருகமாம்.”

தலைவர் போனதும் சித்தப்பா என் பக்கம் திரும்பினார். “டேய் படிச்சவனே. பேர வச்சு ஆளக் கண்டுபிடிக்க முடியுமா?”

“ஏன் முடியாது” என்றேன். அந்த வயதில் எனக்கு முடியாதது என்று எதுவும் கிடையாது. இப்போதும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

அவர் அப்படிக் கேட்டதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். பெட்டியைத் திறக்காமல், மேலே எழுதியிருப்பதைப் பார்த்தே உள்ளே தூளா இலையா, எந்தத் தரம் என்று தெரிந்துகொள்வதுதான் அவருடைய வேலை. ஒரு மிருகத்தையும் அப்படியே திறக்காமல் அறிந்துவிடலாம் என்று அவர் நம்பினார்.

யாளியை நான் ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டேன். “யானையில பாதி, ஆளியில பாதி. ஆளின்னா சிங்கம்.”

“எந்தப் பாதி எங்க வரும்?”

“பேர்ல எது முன்னால வருதோ அதுதான் முன்னால.”

ஆக எங்கள் சுவரில் முன்பக்கம் யானை, பின்பக்கம் சிங்கம். முன்னால் போகிற யானை, பின்னால் துரத்துகிற சிங்கத்துக்குப் பயந்து ஓடுவதுபோலவும், இரண்டையும் கடவுள் தவறிப்போய் ஒட்டிவிட்டதுபோலவும் இருந்தது. பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். பழைய பாட்டுகளில் அது வெறும் ஆளிதான். யானைக்கும் அதற்கும் இருந்த ஒரே உறவு, அது யானையை அடித்துக் கொல்லும் என்பதுதான். வடமொழியின் வியாளம் என்ற சொல்லிலிருந்து வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. அங்கே வியாளம் என்றால் துஷ்ட மிருகம் என்று பொருள், பாம்பையும் சேர்த்து. ஒட்டுப்போட்ட மிருகங்களின் பேர்கள் முக்கால்வாசி இப்படித்தான். உடம்பில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பேர் சொல்லாது. பார்த்தவன் எவ்வளவு பயந்தான் என்றுதான் சொல்லும்.

மகரத்தில் நான் மாட்டிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் மகரம் என்றால் ‘ம’ என்ற எழுத்து. சித்தப்பா சந்தோஷமாக, பெரிய ‘ம’ ஒன்றை எழுதி அதற்கு வால் வைக்கத் தயாராகிவிட்டார். தேயிலைப் பெட்டி ஏற்ற வந்த சிங்கள லொறி டிரைவர்தான் எங்களைக் காப்பாற்றினார். கரிக்கோட்டைப் பார்த்துச் சிரித்தார். தம்பி என்றால் அவருக்கு மல்லி, புத்தர் கோயில் என்றால் பன்சல.

“மகராதானே, மல்லி? எங்க கொத்மலைப் பன்சல வாசல்ல ரெண்டு இருக்குதானே. வாய் முதல, மூக்கு ஆன, ஒடம்பு மீன். ‘ம’ எல்லாம் வேணாம்.”

அதனால் மகரம் மட்டும் சரியாக வந்தது. கண்டபேரண்டம் மறுபடியும் என் கைவண்ணம். கண்டம் என்றால் துண்டு, பேரண்டம் என்றால் பெரிய முட்டை என்று நான் அடித்துச் சொன்னேன். முட்டை இரண்டு துண்டு என்பதால், உடைந்த ராட்சத முட்டையின் மேல் இரண்டு தலைப் பறவை ஒன்று உட்கார்ந்தது. தலைவர் அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “ஆம்லெட் போடப் போறியா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

கடைசியில் கின்னரர்.

“கின்னரம்னா வீணை மாதிரி ஒரு வாத்தியம். அத வாசிச்சுப் பாடுறவங்க கின்னரர்” என்றேன். பள்ளிக்கூடப் புத்தகத்தில் எங்கோ படித்தது. அந்தப் பட்டியலில் நான் சரியாகச் சொன்ன ஒரே பொருள் அதுதான்.

சித்தப்பா தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். “பாடுறவங்கன்னா நம்மகிட்டயே இருக்காங்களே.”

அந்த வருஷத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். இலங்கை, இந்தியா என்று இரண்டு நாட்டு அரசாங்கங்கள் எங்களை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டிருந்த காலம். கடுதாசி வந்த குடும்பங்கள் ஹட்டனில் ரயிலேறி, மன்னார்க் கரையில் கப்பலேறி, பாட்டன் காலத்தில் விட்டுவந்த இந்தியாவுக்குப் போக வேண்டும். கடுதாசி வராதவர்கள் இங்கேயே இருந்துகொண்டு, குடியுரிமை இல்லாமல், இங்கே இல்லாதவர்களாக இருக்க வேண்டும். லயத்தில் ஒவ்வொரு காம்பராவாகத் தகரப்பெட்டிகள் வாங்கிப் பேரெழுதுவார்கள். அந்தப் பெட்டிகளுக்கும் சித்தப்பாதான் பேர் எழுதினார். பக்கத்துக் காம்பரா அத்தை, உறவில் அத்தை இல்லை, சுவர் உறவில் அத்தை, திருவிழா முடிந்ததும் போகிறவர்களில் ஒருத்தி. கொழுந்து பறிக்கும்போது பனி இறங்கி ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் போனால் அத்தை பாடுவாள். மற்றப் பெண்கள் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே நிரை பிசகாமல் மேலேறுவார்கள். அவளுக்கு ஐந்து வயதில் ஒரு மகன் இருந்தான். மூக்கு ஒழுகாத நேரத்தில் என் வாலாக இருந்தவன்.

சித்தப்பா ஆறு கின்னரரை எழுதினார். கறுப்புக்குத் தொழிற்சாலை மை. நீலத்துக்குத் துணிக்குப் போடும் நீலம். சிவப்புக்குக் கோயில் பின்னால் வெட்டிய மண். மஞ்சளுக்கு மஞ்சள்தான். எல்லாவற்றையும் பசை காய்ச்சிக் கலக்கினார். கீழே பறவைக் கால், முதுகில் இறக்கை, கழுத்துக்கு மேலே எங்கள் ஆட்கள். தப்பு அடிக்கும் மாமா, பஜனைக்கு முதல் குரல் கொடுக்கும் தாத்தா, இன்னும் மூன்று பேர். நடுவில் அத்தை. கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி நெற்றிக்கு மேலே விழுந்திருக்கும் பள்ளத்தைக்கூட விடவில்லை. அந்த ஆறு பேரில் நாலு பேர் இந்தியாவுக்குப் போகிறவர்கள்.

பஸ்ஸில் போய் மிருகக் காட்சிசாலையைப் பார்க்கிறவர்கள் போலச் சனங்கள் வந்து பார்த்தார்கள். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண்கள் கூடையை இறக்காமலே சுவர் முன்னால் நிற்பார்கள்.

“இங்க பாருடி, மாமாவுக்குக் கோழிக்கால்.”

“நேர்லயும் அப்பிடித்தான இருக்கு.”

அத்தை தன் முகத்தைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். “இவ்வளவு அழகாவாப்பா இருக்கேன்?” என்று சித்தப்பாவைக் கேட்டாள்.

“கயிறு இல்லாம இருந்தா இன்னும் அழகா இருப்பீங்க.”

தலைவரும் வந்தார். ஆறு முகத்தையும் இரண்டு தரம் எண்ணினார். “நானும் பஜனையில பாடுறவன்தானப்பா” என்றார், வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோல.

“நீங்க பாடுறப்ப நாங்க கண்ண மூடிக்குறோம் தலைவரே. அதான் மூஞ்சி ஞாபகம் வரமாட்டேங்குது.”

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். அவர் சிரிப்பு மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தது. அது எவ்வளவு மோசமான அறிகுறி என்று இப்போது தெரிகிறது. அன்று நானும் சிரித்தேன், சத்தமாக.

மறுநாள் பின்னேரம் நான் கிளாக்கர் ஐயா வீட்டுக்குப் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கர். கண்ணில் புரை விழுந்திருந்ததால் வாரத்தில் இரண்டு நாள் நான் போய்ப் பத்திரிகை வாசித்துக் காட்டுவேன். கூலி, இரண்டு இஞ்சி பிஸ்கட். அன்று வாசித்து முடித்ததும் கோயில் சுவரைப் பற்றிப் பெருமையடித்தேன்.

“கின்னரமோ?” என்று அவர் சிரித்தார். “கின்னரம் எண்டா என்ன எண்டு தெரியுமோடா உனக்கு?”

“பாடுறவங்க.”

“அது தொழில். பேர் எங்கயிருந்து வந்தது எண்டு கேக்கிறன். உந்த அகராதியை எடு.”

தலையணை அளவு தடித்த அகராதி. பூச்சி அரித்த தாளில் அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தேன். முதல் வரியில், தேவகணத்தாருள் பாடுவோர் என்று இருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் வேர்.

“கிம் எண்டா ‘என்ன’. நரன் எண்டா மனிசன். மனிசத் தலையும் வேற உடம்புமாய் ஒண்டைக் கண்டவன், ‘இதென்ன, மனிசனோ?’ எண்டு கேட்டிருக்கிறான். அந்தக் கேள்விதான் பேராய் நிண்டிட்டுது” என்றார் கிளாக்கர் ஐயா. அவர் அதை ரசித்துச் சொன்னார். அதில் அவருக்கு வேறு எண்ணம் எதுவும் இல்லை.

என் உடம்பெல்லாம் புல்லரித்தது. என் வாழ்நாளில் நான் கேட்ட முதல் உண்மையான சொல் வரலாறு அது. அதை வாயில் வைத்துக்கொண்டு, சுடுசோற்றை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் ஓடுகிறவன் மாதிரி மலை இறங்கி ஓடினேன்.

கோயிலில் நல்ல கூட்டம். தப்பு மாமா, அத்தை, கொழுந்துக்காரப் பெண்கள், தலைவர். ஒரு மூலையில் சித்தப்பா கடைசி இறக்கைக்கு நீலம் வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த இரண்டு பேருக்குத் தலைவர் சுவரை விளக்கிக்கொண்டிருந்தார். “இவுங்கதான் கின்னரர். தேவலோகத்துப் பாட்டுக்காரங்க.”

“அது இல்ல தலைவரே” என்றேன். எல்லாரும் திரும்பினார்கள். எல்லாரும் திரும்பியது எனக்குப் பிடித்திருந்தது. அந்த ருசி இன்னும் போகவில்லை, கலியாண வீடுகளில் பார்த்திருப்பீர்கள். “கின்னரர்னா ‘இது என்ன, மனுசனா?’ன்னு அர்த்தம். கிளாக்கர் ஐயா அகராதியில இருக்கு. நான் இப்பதான் பாத்துட்டு வர்றேன்.”

 அத்தை சுவரைப் பார்த்தாள். பிறகு சித்தப்பாவைப் பார்த்தாள்.

“முந்தாநாளுதான் கடுதாசி விசயமா கவர்மெண்டு கச்சேரிக்குப் போய்ட்டு வந்தேன்” என்றாள், மெதுவாக. “அங்க மேசையில இருந்தவன் போட்டோவப் பாக்குறான், என்னையப் பாக்குறான். திரும்பப் போட்டோவப் பாக்குறான். இது நீதானா, நீதானான்னு நாலு தடவ. மாடு வாங்குறவன்கூட அப்பிடிப் பாக்க மாட்டான். இப்ப நீங்களும் கோயில் சுவத்துலயே எழுதி வச்சுட்டீங்களா?”

“அத்தாச்சி, நான் அப்பிடி நெனச்சு வரையல” என்றார் சித்தப்பா.

“நெனச்சா வரைஞ்ச, நெனைக்காம வரைஞ்சன்னு யாரு பாக்குறா? நாங்க போயிருவோம். இருக்குறவங்க வந்து பாத்து, மனுசனான்னு கேட்டுட்டுப் போவாங்க.”

தப்பு மாமா தன் கோழிக்காலைப் பார்த்துக்கொண்டே நின்றார். நேற்று எல்லாரும் பார்த்துச் சிரித்த அதே காலை. “அழிச்சுரு” என்றார்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். “டேய். நீதான பாட்டுக்காரங்கன்னு சொன்ன?”

இந்த இடத்துக்குத்தான் நான் ஐம்பத்து நாலு வருஷமாகத் திரும்பித் திரும்பி வருகிறேன். அகராதியின் முதல் வரியைச் சொன்னால் போதும். பாடுவோர் என்றும் இருக்கிறது, அதுதான் முதலில் இருக்கிறது என்று சொன்னால் போதும். அது பொய் இல்லை. ஆனால் அது எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்த அர்த்தம். அதைச் சொன்னால் என் கண்டுபிடிப்பு என்ன ஆவது? ஊரே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அது எனக்குத் தெரியாதப்ப சொன்னது” என்றேன்.

தலைவர் தொண்டையைச் செருமினார். அவர் முகம் அந்தச் சுவரில் இருந்திருந்தால் வேறு தீர்ப்புச் சொல்லியிருப்பார் என்பது எனக்கு நாற்பது வயதில்தான் உறைத்தது. “நம்ம சனத்த மிருகமா வரைஞ்சு சாமி முன்னால வைக்குறது தப்பு. இன்னிக்கே சுண்ணாம்பு அடிச்சுரணும்.”

“நாளைக்குக் காலையில பெயிண்டர் ஐயா வர்றாரு தலைவரே” என்றார் சித்தப்பா. அவர் குரலில் விளையாட்டு இல்லாமல் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. “ஒரே ஒரு தடவ அவர் பாக்கட்டும். பாத்துட்டுத் திரும்புனதும் நானே அடிச்சுர்றேன். உங்களுக்கு என் மணிக்கட்டு தெரியும்.”

“அவரு பாக்குறதுக்கு முன்னாடிதான் அழிக்கணும். பாத்தப்பறம் அழிச்சு என்னத்துக்கு?”

சித்தப்பா அத்தையைப் பார்த்தார். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தலைவர் அடங்கியிருப்பார். அவள் கூடையை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு லயத்தை நோக்கி நடந்தாள். மகன் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு, சுவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

சுண்ணாம்பு நீற்றியது எப்படி வாடை அடிக்கும் என்று உங்களுக்கு நினைவிருக்கும். மூக்குக்குள் ஒரு சூடு. வாளியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். சித்தப்பா சணல் மட்டையால் இழுத்து இழுத்து அடித்தார். சுண்ணாம்பு ஈரத்தில் எதையும் மறைக்காது, காயக் காயத்தான் வெளுக்கும். அதனால் அவர் அடித்த பிறகும் ஆறு முகங்களும் தண்ணீருக்குள் இருந்து பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தன. யாளியையும் முட்டையையும் விட்டுவிடச் சொன்னேன், அவற்றுக்கு எதிராக யாரும் பேசவில்லையே என்று. “அதெல்லாம் உன் படம்டா. உன் படத்த மட்டும் வச்சுட்டா அவரு என்னையப் பத்தி என்ன நெனைப்பாரு?” என்றார். சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

மட்டையை வாளியில் நனைத்துக்கொண்டே கேட்டார். “மெய்யாவே அப்பிடித்தான் எழுதியிருக்கா?”

“ஆமா.”

“இது மனுசனான்னு கேட்டது யாருன்னு எழுதியிருக்கா?”

யோசித்துப் பார்த்தேன். “இல்ல.”

“பாத்தியா. கேட்டவன் பேர எழுத மாட்டாங்க.”

காலையில் போய்ப் பார்த்தபோது நீலமும் சிவப்பும் மஞ்சளும் போயிருந்தன. கண்கள் மட்டும் போகவில்லை. கின்னரரின் கண்களைத்தான் தொழிற்சாலை மையில் எழுதியிருந்தார். அந்த மை கடல் தாண்டினாலும் அழியக்கூடாது என்று செய்தது. வெள்ளைச் சுவரில் பன்னிரண்டு கண்கள். தலைவர் அதைப் பார்த்துப் பதறி, பெயிண்டர் ஐயா பஸ் இறங்குவதற்குள் இன்னும் இரண்டு பூச்சு அடிக்க வைத்தார்.

பெயிண்டர் ஐயா வெள்ளை வேட்டி கட்டிய, அதிகம் பேசாத மனிதர். மண்டபத்தைச் சுற்றி வந்தார்.

“யாரோ படம் எழுதுறான்னு சொன்னீங்களே?”

“அவனுக்கு ஒடம்பு சரியில்லைங்க” என்றார் தலைவர். “அடுத்த வருசம் பாத்துக்கலாம்.”

சித்தப்பா மூன்றடி தள்ளித்தான் நின்றார். முழங்கை வரை சுண்ணாம்பு. பெயிண்டர் ஐயா சுவரில் விரலை வைத்துப் பார்த்தார். “இந்த வெள்ளை நல்லா அடிச்சிருக்கு. ஒரு கோடு இல்ல. யாரு அடிச்சது?”

தலைவர் சித்தப்பாவைக் காட்டினார். பெயிண்டர் ஐயா தலையாட்டினார். “சுண்ணாம்புக்கு எங்கிட்ட ஆள் இருக்கு” என்று சொல்லிவிட்டு, சாமி கும்பிடப் போனார்.

நான் வாயைத் திறந்திருக்கலாம். பதினொரு வயதுப் பையன் சொல்வதை அவர் கேட்டிருப்பாரோ என்னவோ. முந்தின நாள் முழுத் தோட்டமும் நான் சொன்னதைக் கேட்டதே.

கால் முறிந்தவர் கால் சேர்ந்து திரும்பினார். சித்தப்பா காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துக் கவாத்துக் கத்தியை வாங்கிக்கொண்டார். சுவரில் இருந்த அந்த நாலு பேரின் குடும்பங்களும் ஹட்டனில் ரயிலேறின. வழியனுப்பப் போனவர்கள் ரயில் சத்தத்தையும் மிஞ்சி அழுதார்கள். அத்தையும் சித்தப்பாவும் மட்டும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அதற்கப்புறம் சித்தப்பா எதையும் வரையவில்லை. நான் ஆசிரியராகி முதல் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது பெயர்ப்பலகை எழுதித் தரச் சொன்னேன். “கை நடுங்குதுடா” என்றார். அவர் சொன்ன கணக்கு இரண்டு வருஷம். கை பதினாறு வருஷம் தாங்கியது. கடைசிக் காலத்தில் அவருக்குச் சோறு பிசைந்து கொடுத்தது என் அம்மா. என்னை ஒரு தடவைகூட அவர் குறை சொன்னதில்லை. குறை சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது வேர்ச்சொல் சொல்லித் தப்பித்திருப்பேன், அது அவருக்குத் தெரியும்.

போன ஆவணியில் எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. இந்திய எண். கோத்தகிரியிலிருந்து அத்தை மகன். யார் யாரையோ பிடித்து என் எண்ணை வாங்கியிருக்கிறான். அவனுக்கும் இப்போது அறுபது ஆகப்போகிறது. முதல் பத்து நிமிடம் மூக்கை உறிஞ்சினான், பழைய பழக்கமோ அழுகையோ தெரியவில்லை.

“அம்மா இருக்குண்ணே. எம்பத்தி நாலு. ஒரு கண்ணுல பார்வை போயிருச்சு, இன்னொண்ணு இந்த வருசம் தாங்குமான்னு டாக்டர் சொல்றாரு.”

“பாட்டெல்லாம் பாடுதா?”

“எப்பவாவது. அதில்லண்ணே, ஒரு உதவி. நம்ம கோயில் சுவத்துல அம்மாவ வரைஞ்சு வச்சிருக்காங்கள்ல, இறக்கையோட? பேரப்புள்ளைங்ககிட்ட ஓயாம அதத்தான் சொல்லும். இந்த ஊர்ல தோட்டத்துல கூட வேலை செஞ்சவங்க எல்லாம் அதக் கேட்டுக் கேட்டு அலுத்துட்டாங்க. சாமிக்குப் பக்கத்துல நான் இன்னும் அங்கதான் இருக்கேன்னு சொல்லும். எனக்குக்கூட அந்த நீல இறக்கை லேசா ஞாபகம் இருக்கு. கண்ணு இருக்குறப்பவே ஒரு தடவ காட்டிரலாம்னு. ஒரு போட்டோ எடுத்து அனுப்புறியா?”

கேட்டுவிட்டு அவன் காத்திருந்தான். நான் யாரையும் பேச விடாமல் பேசுகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். சுண்ணாம்பு அடித்த அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் அத்தை ரயிலேறினாள்.

“அம்மாவே உங்கிட்ட அப்பிடியா சொன்னாங்க, இன்னும் இருக்குன்னு?” என்று கடைசியில் கேட்டேன்.

“அதுதான் தினமும் சொல்லுதே.”

மறுநாள் கோயிலுக்குப் போனேன். மண்டபத்துச் சுவர் முழுக்க இப்போது பூப்போட்ட டைல்ஸ். கொழும்பில் கடை வைத்திருக்கும் ஒருவர் உபயம். நகத்தால் சுரண்டிப் பார்க்கக்கூட இடமில்லை. ஒரு நல்ல வேலைக்காரன் தன் கையால் தானே மூன்று பூச்சில் மூடியதற்கு மேலே, ஊர் இன்னொரு தடவை மூடியிருக்கிறது. அதை ஒரு படம் எடுத்தேன். அனுப்பவில்லை.

அவன் வாரத்துக்கு ஒரு தடவை கேட்கிறான். மழையாக இருக்கிறது, மண்டபத்துக்குள் வெளிச்சம் போதவில்லை, கொஞ்சம் வெயில் வரட்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். இந்தப் பக்கத்து மழையைப் பற்றி எவ்வளவு நாள் சொன்னாலும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நேற்று அவன் கேட்கவில்லை. கிழவியே வாங்கிப் பேசினாள்.

“வெயில் அடிச்சுச்சாப்பா?”

“இன்னும் இல்ல அத்தை” என்றேன்.

“அவசரமில்லப்பா” என்றாள். “நீ நல்லா வெளிச்சம் வந்தப்பறமே எடு.”

வெளியே அன்றைக்கு நல்ல வெயில்.